ஆள் தெரிந்தால்தான் வேலையா?
தென்னிந்திய உயிர் அறிவியல் துறையில் தொழில் வாழ்வும் தொடர்புகளும்

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: “உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?” கேட்பவர் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். அவர் மனதில் இருப்பது சிபாரிசு. பிள்ளை மனதில் இருப்பது ‘ரெஃபரல்’. சொல் மாறினாலும் நம்பிக்கை ஒன்றுதான்: கதவுக்கு உள்ளே ஒரு கை இருந்தால் கதவு திறக்கும்.

இந்த நம்பிக்கை பாதி சரி. மருந்து, தடுப்பூசி, நோயறி கருவி, ஒப்பந்த ஆய்வு என்று விரியும் இத்துறையில் அறிமுகத்துக்கு உண்மையிலேயே மதிப்பு அதிகம். அந்த அறிமுகம் எங்கே விளைகிறது, ஏன் சில ஊர்களில் செழிக்கிறது, சில ஊர்களில் ஏன் வேர் பிடிப்பதில்லை என்ற கேள்விகளைத்தான் நாம் கேட்பதில்லை. ஐதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய மூன்று நகரங்களின் அனுபவத்தை வைத்து அவற்றைப் பரிசீலிக்கலாம்.

நெருங்கியவரா, அறிமுகமானவரா?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1960களின் இறுதியில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களை விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை தெரிந்தவர் வழியாகவே கிடைத்திருந்தது. வியப்பு அடுத்த பதிலில் இருந்தது. அந்தத் ‘தெரிந்தவர்’ பெரும்பாலும் நெருங்கிய நண்பரோ உறவினரோ அல்லர். எப்போதாவது சந்திக்கும் பழைய சக ஊழியர், பழைய வகுப்புத் தோழர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்தில் உலவுபவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: மிக நெருக்கமும் உதவவில்லை, முற்றிலும் அந்நியமும் உதவவில்லை, இடைப்பட்ட அறிமுகமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

சித்தப்பாவின் கேள்வி பிசகுவது இங்கேதான். அவர் சொந்தத்துக்குள் தேடுகிறார். துறை இயங்குவதோ கூட வேலை பார்த்தவர்கள் வழியாக. உயிர் அறிவியலில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கணினி நிரல் எழுதுபவரின் திறமையை ஒரு மணி நேரத் தேர்வில் ஓரளவு கணித்துவிடலாம். கிருமியற்ற அறையில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார், செல் வளர்ப்பில் மாசு புகுந்தால் மறைப்பாரா சொல்வாரா, மருந்தின் தூய்மையை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வரைபடம் எதிர்பார்த்தபடி வராதபோது அந்த ஓட்டத்தை அழித்துவிட்டு இன்னொன்று போடுவாரா என்பதெல்லாம் நேர்காணலில் தெரியாது. மருந்து ஆலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம், “எழுதாதது நடக்காதது” என்பது. கையில் வந்த எண்ணை அப்படியே எழுதும் ஆளா என்பது, அவரோடு ஆறு மாதம் அதே மேசையில் நின்றவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும் ஒரு வார்த்தையைச் சலுகை என்று மட்டும் பார்க்க முடியாது. அது ஒருவகைச் சோதனை அறிக்கை.

ஐதராபாத்: ஓர் ஆலையின் வாரிசுகள்

அப்படியானால் நிறையப் பேர் ஒரே மேசையில் நின்று பழகிய ஊரில்தான் வலை அடர்த்தியாக இருக்க வேண்டும். ஐதராபாத் அதற்குச் சான்று.

சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு இந்திய அரசு 1961-இல் ஐ.டி.பி.எல். என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. மூன்று ஆலைகள் திட்டமிடப்பட்டன. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கான ஆலை ரிஷிகேஷுக்குப் போனது. செயற்கை மருந்துப் பொருள்களுக்கான ஆலை ஐதராபாத்துக்கு வந்தது. சென்னை நந்தம்பாக்கத்துக்கு வந்தது அறுவைச் சிகிச்சைக் கருவிகள் ஆலை. ஐதராபாத்துக்கு வேதியியலும் சென்னைக்குக் கத்தரியும் இடுக்கியும் என்று ஆன அந்தப் பங்கீட்டை அப்போது யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்த அரை நூற்றாண்டை அது கணிசமாகத் தீர்மானித்தது.

ஐதராபாத் ஆலையில் வேலை கற்றவர்களுள் ஒருவர் அஞ்சி ரெட்டி. வெளியே வந்து சில முயற்சிகளுக்குப் பின் 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய முரளி திவி, அஞ்சி ரெட்டியோடு சேர்ந்து பணியாற்றிவிட்டு 1990-இல் தன் பெயரில் தனி நிறுவனம் கண்டார். ஓர் அரசு ஆலை, அதில் பழகிய ஒருவர், அவரோடு பழகிய இன்னொருவர் என்று சங்கிலி நீள்கிறது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்தது. ஒரே மருந்தை வேறு வழியில் தயாரிக்கத் தெரிந்த வேதியியலாளருக்கு அதனால் பொற்காலம் பிறந்தது. சட்டம் நாடு முழுமைக்கும் பொதுதான். அதைப் பயன்படுத்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் ஐதராபாத்தில் கூட்டமாக இருந்தார்கள் என்பதே வேறுபாடு. ஐ.டி.பி.எல். பின்னாளில் நலிந்து படுத்தது. அதிலிருந்து வெளியேறியவர்கள் ஒரு தொழிலையே நிறுவிவிட்டிருந்தார்கள்.

உயிரித் தொழில்நுட்பம் அந்த அடித்தளத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. வரப்பிரசாத் ரெட்டி 1993-இல் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-இல் உள்நாட்டில் உருவான ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1999-இல் ஜீனோம் வேலி என்ற பெயரில் நகரின் வடக்கே தனி வட்டாரம் உருவாக்கப்பட்டது. 2003 முதல் ‘பயோஏசியா’ மாநாடு ஐதராபாத்தில் நடந்துவருகிறது. கோவாக்சின் தடுப்பூசியால் நாடறிந்த பாரத் பயோடெக்கின் நிறுவனர் கிருஷ்ணா எல்லா பிறந்தது நம் திருத்தணியில். அமெரிக்காவில் ஆய்வு முடித்துத் திரும்பி, 1996-இல் நிறுவனத்தைத் தொடங்கியது ஐதராபாத்தில். திருத்தணியிலிருந்து சென்னை மூன்று மணி நேரம்கூட இல்லை. தொழில் தொடங்குபவருக்குச் சொந்த ஊரின் பக்கம் மட்டும் போதாது என்பதற்கு இது கண்முன் உள்ள உதாரணம்.

பெங்களூரு: மூடிய கதவும் திறந்த கதவும்

பெங்களூரின் பாதை வேறு. அங்கே 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. பின்னர் தேசிய உயிரியல் அறிவியல் மையம் வந்தது. ஆனால் தொழிலின் முதல் பெருங்கதை ஆய்வகத்தில் தொடங்கவில்லை. கிரண் மஜும்தார் ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிப்பு படித்துத் திரும்பியபோது, அது ஆண்களின் வேலை என்று இந்திய மதுவாலைகள் கையை விரித்தன. உள்ளூர்த் தொடர்பு வலை அவரை வெளியே தள்ளியது. அயர்லாந்தில் நொதிகள் தயாரித்துவந்த ஒரு தொழில்முனைவரின் அறிமுகம் அவரை வேறு திசைக்குத் திருப்பியது. 1978-இல் பத்தாயிரம் ரூபாய் முதலுடன், வாடகை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் பயோகான் பிறந்தது. தொடக்கத்தில் விற்றது பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் நொதி. ஒரு வட்டம் கதவைச் சாத்தும்போது தூரத்து அறிமுகம் ஒன்று ஜன்னலைத் திறக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இன்னொரு பெங்களூருச் செய்தி இன்னும் பொருள் பொதிந்தது. ஆஸ்ட்ராஜெனிகா அங்கே நடத்திவந்த ஆய்வு மையத்தை மூடுவதாக 2014-இல் அறிவித்தது. அங்கிருந்த அனுபவசாலிகள் சிலர் சேர்ந்து, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை எதிர்க்கும் மருந்துகளைத் தேடும் பக்வர்க்ஸ் நிறுவனத்தை அதே ஆண்டில் தொடங்கினர். அவர்களுக்குக் கருவிகளும் இடமும் தர 2009-இல் தொடங்கிய சி-கேம்ப் என்ற தொழில் வளர்ப்பகம் அருகிலேயே இருந்தது. மூடிய ஆய்வகத்தின் ஆட்கள் கலைவதற்குள் உட்கார ஒரு மேசை கிடைத்தது.

அமெரிக்காவின் சான் டியாகோவிலும் இதுதான் நடந்தது. 1978-இல் தொடங்கிய ஹைபிரிடெக் நிறுவனத்தை 1986-இல் எலி லில்லி என்ற பெரிய மருந்து நிறுவனம் வாங்கியது. புதிய நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறியவர்கள் அடுத்தடுத்துத் தொடங்கிய நிறுவனங்களே அந்நகரை உயிர்த்தொழில்நுட்ப மையமாக்கின. ஒரு வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம் விட்டுச்செல்லும் பெரிய சொத்து, அதிலிருந்து கிளம்பிப் போகும் ஆட்கள்.

சென்னை: மூத்தவர் ஏன் பின்தங்கினார்?

இனி நம் ஊர். வயதைப் பார்த்தால் இம்மூன்றில் சென்னை மாகாணம்தான் இத்துறையில் மூத்தது. கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையம் 1899-இல் நிறுவப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தந்தது. ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி நிலையம் 1932-இலும், கிண்டியில் காசநோய்த் தடுப்பூசிக்கான பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இலும் வந்தன. காசநோயாளியை மருத்துவமனையில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணமாக்கலாம் என்று உலகுக்கு நிறுவிய ஆய்வு 1950களின் இறுதியில் சென்னையில்தான் நடந்தது.

தொடர்புகள் எப்படி அறிவியலை விளைவிக்கின்றன என்பதற்கும் சென்னையிலேயே அருமையான சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையை ஏற்கும்படி சி.வி. ராமனை அழைத்தது. அவர் தாம் வராமல் தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். 1952-இல் முப்பது வயதில் ராமச்சந்திரன் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு சென்னை வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், பேச்சுவாக்கில், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே. கங்காரு வாலின் தசைநார் தூய மாதிரியாக அமைய, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955 ஆண்டுகளில் அவர் முன்வைத்த முப்புரி வடிவம் உலகப் புகழ் பெற்றது. ஒரு பரிந்துரை, ஒரு பேச்சு, கூப்பிடு தூரத்தில் ஒரு நிலையம். மூன்றும் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு சென்னைக்கு வாய்த்திருக்காது.

இவ்வளவு இருந்தும் தொழில் ஏன் ஐதராபாத் அளவுக்குத் திரளவில்லை? என் பார்வையில் மூன்று காரணங்கள். முதலாவது, நம் பழைய நிலையங்கள் அரசு அலுவலகங்களாகவே இருந்தன. உள்ளே போனவர் பணி ஓய்வில்தான் வெளியே வந்தார். கற்ற கை நிலையத்தைத் தாண்டிப் பரவவில்லை. இரண்டாவது, இடையில் அறுந்த இழைகள். உற்பத்தித் தர நெறிகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்று 2008 ஜனவரியில் குன்னூர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாச்சலத்தின் கசௌலி நிலையம் ஆகியவற்றின் உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2010-இல்தான் திரும்பக் கிடைத்தன. உற்பத்தி நிற்கும்போது புதியவருக்குச் சொல்லித்தரும் மரபும் நிற்கிறது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் எழுந்த மத்திய அரசின் தடுப்பூசி வளாகத்துக்கு 2012-இல் ஒப்புதல் கிடைத்தது. 2021-இல் கொரோனா நாட்டையே உலுக்கியபோதும் அது உற்பத்தியின்றி நின்றது. அதை எங்களிடம் கொடுங்கள் என்று மாநில அரசு கேட்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, தனியார் முயற்சிகள் தடுமாறியபோது தாங்க ஆளில்லை. 1970களில் தொடங்கிய ஷாசன் நிறுவனம் இபுப்ரொஃபென் மருந்துக்கு உலக அளவில் பேர் பெற்றது. 1992-இல் தொடங்கிய ஆர்க்கிட், ஆலத்தூரில் செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் கொடிகட்டிப் பறந்தது. பின்னர் கடன் அழுத்தி, திவால் நடைமுறை வழியே கைமாறியது. அதன் இருங்காட்டுக்கோட்டை ஆலை ஹாஸ்பிரா என்ற மருந்து நிறுவனத்துக்கும், அதன் வழியே ஃபைசருக்கும் போனது. 2019-இல் அந்த ஆலையையும் அவுரங்காபாத் ஆலையையும் மூடுவதாக ஃபைசர் அறிவித்தபோது இரண்டு ஊரிலுமாக சுமார் 1,700 பேர் வேலையிழந்தனர். ஊசிமருந்தைக் கிருமியற்ற முறையில் நிரப்பத் தெரிந்தவர்களைத் தேடி நாடே அலைகிறது. இருங்காட்டுக்கோட்டையில் அவர்கள் கூட்டமாக இருந்தார்கள். பெங்களூரில் நடந்ததுபோல் அவர்களை ஓரிடத்தில் பிடித்து உட்காரவைக்க இங்கே ஏற்பாடு இல்லை. ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

முற்றிலும் வறட்சி என்றும் சொல்ல முடியாது. தரமணியில் 2004-இல் வந்த டைசல் உயிரிப் பூங்கா, சிறுசேரியில் பெண் தொழில்முனைவருக்கான உயிர்தொழில்நுட்பப் பூங்கா, ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா எல்லாம் இருக்கின்றன. ஆலையை மூடிய அதே ஃபைசர் 2022-இல் மருந்து உருவாக்க மையம் ஒன்றை ஐ.ஐ.டி. பூங்காவில்தான் திறந்தது. ஆலத்தூரிலும் புதுச்சேரி–கடலூர் வட்டாரத்திலும் ஓசூரிலும் ஆலைகள் ஓடுகின்றன. விதைகள் உள்ளன; அவற்றுக்கிடையே நடமாட்டம் போதவில்லை.

பட்டம் ஒன்று, வேலை வேறு

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980களின் நடுவில் நாட்டின் முதல் சில உயிர்தொழில்நுட்ப முதுகலைப் படிப்புகளுள் ஒன்றைத் தொடங்கியது. மத்திய அரசில் உயிர்தொழில்நுட்பத் துறை 1986-இல் உருவானது. பிறகு கல்லூரிக்குக் கல்லூரி பயோடெக் வந்தது. ஆலைகள் அந்த வேகத்தில் வரவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு முடிச்சும் இருக்கிறது. மருந்து உற்பத்தியை மேற்பார்க்கும் தொழில்நுட்ப அலுவலருக்கு 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் தகுதி வகுக்கின்றன. மருந்தியல் பட்டதாரி என்றால் 18 மாத நடைமுறை அனுபவம். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்தவர் என்றால் 3 ஆண்டு. ஆகவே மாத்திரை ஆலையின் மனிதவள அலுவலர் முதலில் தேடுவது பி.ஃபார்ம், எம்.எஸ்சி. வேதியியல் ஆள்களை. பயோடெக் படித்தவருக்கு நுண்ணுயிரியல் சோதனை, தர உறுதி ஆவணம், தடுப்பூசி, உயிரிமருந்து ஆகியவைதான் இயல்பான வாசல்கள். அவையோ பெரும்பாலும் ஐதராபாத்திலும் பெங்களூரிலும். சனிக்கிழமை ‘வாக்-இன்’ அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்ததும் வெள்ளி இரவு ரயிலேறுவது அதனால்தான்.

போக முடியாதவர்களுக்குச் சென்னையிலும் திருச்சியிலும் காத்திருப்பது மெடிக்கல் கோடிங். விலங்கியல் படித்த ஒரு பெண் அமெரிக்க மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பைத் திரையில் படித்து, சிக்கலற்ற இரண்டாம் வகை நீரிழிவு என்றால் ‘ஈ11.9’, உயர் ரத்த அழுத்தம் என்றால் ‘ஐ10’ என்று குறியீடு இடுகிறார். காப்பீட்டுப் பணம் அதை வைத்து வரும், தவறினால் திரும்பும். சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. உடற்கூறியல் அறிவும் பயன்படுகிறது. இதைத் தோல்வியாகப் பார்ப்பது அநியாயம். ஆனால் நான்கு ஆண்டு இதிலிருந்தவர் ஆய்வகத்துக்குத் திரும்புவது அரிது. அவர் சேர்த்த அறிமுகங்களும் கோடிங் உலகத்தைச் சேர்ந்தவையே. முதல் வேலை சம்பளத்தை மட்டுமா தருகிறது? அடுத்த பத்தாண்டுக்கு நம்மை யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

வலையின் நான்கு இழைகள்

இத்துறையில் அறிமுகம் நான்கு வழிகளில் வருகிறது. முதலாவது ஆய்வக மரபு: “அவர் யாரோட ஸ்டூடண்ட்?” என்று கேட்கும் உலகம் இது. இரண்டாவது பழைய சக ஊழியர்கள். ஆலை மாறி ஆலை போனவர் தன் பழைய குழுவை மறப்பதில்லை. மூன்றாவதை மாணவர்கள் கண்டுகொள்வதே இல்லை. கருவி பழுது பார்க்க வரும் சர்வீஸ் என்ஜினியர், வேதிப்பொருள் விற்கும் விற்பனையாளர், தணிக்கைக்கு வருபவர் ஆகியோர்தாம் அந்த மூன்றாவது. வாரத்துக்கு ஐந்து ஆலை ஏறி இறங்கும் அந்த என்ஜினியருக்கு எங்கே புதிய கருவி வந்தது, எங்கே அதை ஓட்ட ஆளில்லை என்பது விளம்பரம் வருமுன்பே தெரியும். நான்காவது மாநாடுகள். அங்கே பயன்படுவது தேநீர் வரிசையைவிடச் சுவரில் ஒட்டிய போஸ்டர். அதன் முன்னால் நின்று கேட்கும் ஒரு நல்ல கேள்வி நினைவில் தங்கும்.

எப்படி அணுகுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூத்தவர்களின் பெட்டியில் குவியும் செய்தி இப்படி இருக்கும்: “சார், ஐ ஆம் எ ஃப்ரெஷர், ரெஸ்யூமே அட்டாச் பண்ணிருக்கேன், கைண்ட்லி ரெஃபர் பண்ணுங்க.” இதற்கு என்ன பதில் எழுத முடியும்? இதையே ஒருவர், “அக்கா, நான் உங்க காலேஜ் ஜூனியர். ப்ராஜெக்ட்ல எண்டோடாக்சின் டெஸ்ட் பண்றேன். ஸ்பைக் ரெக்கவரி குறைஞ்சுட்டே வருது. சாம்பிளை டைல்யூட் பண்ணிப் பாக்கலாமா? உங்க லேப்ல எப்படிச் சமாளிப்பீங்க?” என்று கேட்டால் பதில் வந்துவிடும். முதல் செய்தி ஓர் உதவியைக் கேட்கிறது. இரண்டாவது அனுப்பியவரின் கையைக் காட்டுகிறது. ஆறு மாதம் கழித்து அந்த ஆய்வகத்தில் இடம் விழுந்தால் அக்காவுக்கு யார் பெயர் ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

யாருக்கு வலை, யாருக்குச் சுவர்?

இருந்தும் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கூட வேலை பார்த்தவர் வழியாகத்தான் கதவு திறக்கும் என்றால், முதல் மேசையே கிடைக்காதவர் என்ன செய்வார்? குடும்பத்தில் முதல் பட்டதாரி, சிற்றூர்க் கல்லூரி, ஒரே ஒரு எச்.பி.எல்.சி. கருவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த அனுபவம். இவருக்கு ‘ஆய்வக மரபு’ என்பது வெறும் சொல். சாதியும் ஊரும் மொழியும் சேர்ந்து பின்னிய வட்டங்களும் இத்துறையில் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு இரவு ஷிப்ட் பல இடங்களில் மறுக்கப்படுகிறது. உற்பத்திப் பிரிவின் கதவு அங்கேயே பாதி மூடிவிடுகிறது. திருமணம் ஊரை மாற்றும்போது சேர்த்த தொடர்பும் கூட வருவதில்லை.

ஆகவே தனிமனித சாமர்த்தியத்திடம் இதை ஒப்படைத்துவிட முடியாது. யார் கையும் இல்லாமல் முதல் மேசைக்குக் கொண்டுசேர்க்கும் பொது வழிகள் சில உள்ளன. ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வுகள் ஒரு வழி. பயோடெக் பட்டதாரிகளை உதவித்தொகையுடன் நிறுவனங்களில் அமர்த்தும் மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டம் இன்னொன்று. 2012-இல் உருவான மத்திய அரசின் பைராக் அமைப்பு, சொந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இவற்றின் உண்மையான பயன் பணத்தைவிட, முன்பின் தெரியாதவர்களை ஒரே கூரையின்கீழ் ஆறு மாதம் வேலை செய்யவைப்பதில் இருக்கிறது.

பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும்போது எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஏக்கர் என்று அறிவிக்கிறோம். எத்தனை பேர் அங்கே கைவேலை கற்று வெளியே போனார்கள், எத்தனை பேர் திரும்ப ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள் என்று எண்ணுவதில்லை. ஐதராபாத்தின் கணக்கு அந்த இரண்டாவது கணக்கு. சென்னையின் பழைய நிலையங்கள் ஆண்டுக்கு இருபது முப்பது இளைஞர்களை உற்பத்தி மேசையில் பழக்கி அனுப்பினாலே போதும். நாம் தவறவிட்ட இழையைப் பிடிக்கத் தொடங்கலாம்.

ஐ.டி.பி.எல். கத்தரி செய்த நந்தம்பாக்கத்தில் இன்று வர்த்தக மையம் இருக்கிறது. தொழிற்கண்காட்சி நாள்களில் ஃபைலும் கையுமாக மாணவர்கள் அரங்கு அரங்காக ஏறி இறங்கி விசிட்டிங் கார்டு வாங்குவதைப் பார்க்கலாம். அட்டைகள் நிறையச் சேரும். கொடுத்தவர் யாருக்கும் அவர்களுடைய கை எப்படிப்பட்டது என்று தெரியாது.